கையால் கழுவும் பிலிமில் வரும் கோளாறுகள்: கொழும்பு வெக்கையில் 16 மி.மீ., சூப்பர் 8

விபத்தை விரும்பித்தான் பலர் பரீட்சார்த்தப் படத்துக்கு வருகிறார்கள். அதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கீற்று எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அதை அடுத்த சுருளில் வேண்டிய இடத்தில் வரவழைக்கலாம், வேண்டாத இடத்தில் தடுக்கலாம். வெள்ளவத்தை அனெக்ஸிலோ கொட்டாஞ்சேனை மேல்மாடியிலோ குளியலறையை இருட்டறையாக்கிக் 16 மி.மீ., சூப்பர் 8 என்னும் சிறிய அளவுக் கறுப்பு வெள்ளைச் சினிமாப் பிலிமைத் தாங்களே கழுவுகிறவர்களுக்காக இது எழுதப்படுகிறது. வெளிநாட்டுக் கையேடுகள் எல்லாம் 20 பாகைத் தண்ணீர் குழாயில் வரும் என்று எடுத்துக்கொண்டு பேசுகின்றன. இங்கே கோளாறுகளில் பெரும்பங்கு அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் விளிம்பை வாசியுங்கள்

காய்ந்த பிலிமை புரொஜெக்டரில் ஏற்றுவதற்கு முன் லைட் பொக்ஸில் விரித்து உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். லைட் பொக்ஸ் இல்லாவிட்டால் வெள்ளைப் பக்கம் திறந்த ரப்லெட் போதும். கமராவைக் கழற்றுவதும் இரசாயனத்தை ஊற்றிவிடுவதும் இதற்குப் பிறகு.

கறை படச் சட்டகத்தின் எல்லையோடு நின்றுவிட்டால் காரணம் லென்ஸிலோ, கேற்றிலோ (கமராவில் பிலிமுக்கு ஒளி விழும் துவாரம்), படமெடுத்த வெளிச்சத்திலோ இருக்கிறது. சட்டகத்தைத் தாண்டித் துளைகள்வரை போனால், ஒன்றில் ஒளி கசிந்திருக்கிறது, இல்லையேல் கழுவும்போது நடந்திருக்கிறது.

அடுத்தது இடைவெளி. 16 மி.மீ. பிலிமில் சட்டகத்துக்குச் சட்டகம் 7.62 மி.மீ.; ஓர் அடிக்கு 40 சட்டகம். அடையாளம் ஒவ்வொரு சட்டகத்திலும் அசையாமல் ஒரே இடத்தில் நின்றால் கேற்றில் மயிர் அல்லது அழுக்கு. பிலிம் சுருளாக இருக்கும்போது பட்ட வெளிச்சம் வேறுமாதிரித் தெரியும். 100 அடிச் சுருளின் வெளிச்சுற்று ஏறத்தாழ 26 செ.மீ., அச்சை ஒட்டிய உள்சுற்று ஏறத்தாழ 10 செ.மீ. அடையாளங்கள் தொடக்கத்தில் 26 செ.மீ. இடைவெளியில் வந்து முடிவை நோக்கி நெருங்கினால் பிலிம் படமெடுக்க முன்பே, ஊட்டும் ஸ்பூலில் இருக்கும்போது வெளிச்சம் பட்டிருக்கிறது. தொடக்கத்தில் நெருக்கமாக இருந்து முடிவில் அகன்றால் அது ஏற்கும் ஸ்பூலில், அதாவது எடுத்த பிறகு பட்டது. பழைய பிலிம் கொடுத்தவரைக் குறை சொல்வதா, கமராக் கதவின் கறுப்பு நூல் அடைப்பை மாற்றுவதா என்பதை இந்த ஓர் அளவே தீர்த்துவிடும்.

மூன்றாவது விளிம்பெழுத்து. கம்பனிப் பெயரையும் எண்களையும் தொழிற்சாலையில் ஒளியாலேயே பதிக்கிறார்கள். டெவலப் ஆகும்போதுதான் அவை தெரியவரும். எழுத்து நன்றாகக் கறுத்திருந்தால் உங்கள் இரசாயனம் வேலை செய்திருக்கிறது. சூப்பர் 8இல் இதை நம்பியிருக்க முடியாது. அதனால் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டுப் பிலிமை வெளிச்சத்தில் காட்டி டெவலப்பரில் (ஒளி பட்ட இடத்தைக் கறுக்க வைக்கும் கரைசல்) முக்கிப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் கறுக்காத டெவலப்பருக்குள் உண்மையான சுருளை இறக்க வேண்டாம்.

நெகட்டிவ் முழுவதும் வெறுங்கண்ணாடியாக இருக்கிறது

விளிம்பெழுத்து உண்டு, படம் இல்லை: பிலிம் கமராவில் ஓடவில்லை அல்லது லென்ஸ் மூடி கழற்றப்படவில்லை. சூப்பர் 8 கார்ட்ரிஜ் சிக்கியிருந்தால் முதல் சில சட்டகம் மட்டும் அளவுக்கு மீறிக் கறுத்து மற்றதெல்லாம் வெறுமையாக இருக்கும். கார்ட்ரிஜைக் கமராவில் போடுமுன் உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். ஓடும்போது மீற்றரை மட்டும் நம்பாமல், இடையிடையே கார்ட்ரிஜை வெளியே எடுத்து, கேற்றில் தெரியும் பிலிமில் பேனையால் ஒரு கோடு போட்டு, திரும்பப் போட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு நகர்ந்திருக்க வேண்டும். இதற்காகச் சில சட்டகம் புகையும், அதாவது ஒளி பட்டுக் கருமை படரும், பரவாயில்லை.

விளிம்பெழுத்தும் இல்லை: டெவலப்பர் செத்திருக்கிறது, அல்லது இருட்டில் பிக்ஸரை (மிஞ்சிய வெள்ளி உப்பைக் கரைத்து நீக்கும் கரைசல்) முதலில் ஊற்றியிருக்கிறீர்கள். போத்தல்களுக்கு றப்பர் பான்ட் போடுங்கள்: டெவலப்பருக்கு ஒன்று, நிறுத்தலுக்கு (டெவலப்பரின் வேலையை நிறுத்தும் அமிலக் கரைசல்) இரண்டு, பிக்ஸருக்கு மூன்று. லேபல் இருட்டில் உதவாது.

கோப்பி டெவலப்பர் பயன்படுத்துகிறவர்களுக்கு மூன்றாவது காரணம் ஒன்று உண்டு, இங்கே அதுதான் அதிகம். ஒரு லீற்றருக்கு நீரற்ற சலவைச் சோடா 54 கிராம், விற்றமின் சி தூள் 16 கிராம், இன்ஸ்டன்ட் கோப்பி 40 கிராம். 20 பாகையில் 15 நிமிடம். இதில் சலவைச் சோடாவுக்குப் பதில் பலசரக்குக் கடையில் கிடைக்கும் அப்பச்சோடாவைப் போட்டால் கலவை போதிய காரத்தன்மை பெறாது, படம் வராது. அப்பச்சோடா என்பது சோடியம் இருகாபனேற்று, வேண்டியது சோடியம் காபனேற்று. சலவைச் சோடா அகப்படவில்லையென்றால் அப்பச்சோடா 86 கிராமை அலுமினியம் அல்லாத தாச்சியில் போட்டு, கிளறிக் கிளறி, நிறை மேலும் குறையாத மட்டும் வறுங்கள். 54 கிராம் மிஞ்சும். பளிங்காக விற்கும் சலவைச் சோடா என்றால் அதில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. 54 கிராமுக்குப் பதில் 146 கிராம் வேண்டும். விற்றமின் சி தோடம்பழ வாசக் குளிசையாக இருக்கக் கூடாது, தூளாகவே வேண்டும். வடிகட்டிய நல்ல கோப்பித் தூளைவிட மலிவான இன்ஸ்டன்ட் கோப்பி நன்றாக வேலை செய்யும். தேயிலையிலும் படம் வரும். ஆனால் மெலிவாகவும் கறையோடும் வரும். ஒரு சுருளை இழக்கத் தயார் என்றால் மட்டும் அதைச் செய்யுங்கள்.

நேர்மாறாக நெகட்டிவ் முழுவதும் கருமையாக வந்து, பிலிமும் போமா ஆர்100 ஆக இருந்தால், உங்கள் பக்கம் பிழை இல்லை. அதன் ஒளித்தெறிப்புத் தடுப்புப் படை வெள்ளியாலானது. ரிவர்சல் முறையில், அதாவது அதே பிலிமிலேயே நேர்ப்படம் வரவழைக்கும்போது, முதலில் வந்த வெள்ளிப் படத்தைக் கரைக்கும் பிளீச்சில்தான் அது கரையும். அந்தப் பிலிமை நெகட்டிவாகக் கழுவ முடியாது. கொடாக் ட்ரை-எக்ஸ் 7266ஐ இரண்டு வழியிலும் கழுவலாம்.

எமல்ஷன் இளகுகிறது, சுருங்குகிறது, விளிம்பில் உரிகிறது

இதுதான் கொழும்பின் கோளாறு. எமல்ஷன், அதாவது பிலிமில் படம் பதியும் ஜெலற்றின் படை, சூட்டில் தண்ணீரைக் குடித்து வீங்கும். வீங்கியதை உடனே வேறொரு வெப்பநிலையில் இறக்கினால் வலைபோலச் சுருங்கும். கார டெவலப்பரிலிருந்து அமில பிளீச்சுக்குப் போகும்போது விளிம்பு அடியிலிருந்து கிளம்பும். சட்டகம் முழுவதும் ஒரே சீரான நுண்வலை தெரிந்தால் அது வெப்பநிலை ஏறியிறங்கிய அடையாளம். விளிம்பில் மட்டும் மடிப்பும் உரிவும் என்றால் அது சூடான அமிலம் அல்லது கடுமையான நீர்ப்பாய்ச்சல்.

மொட்டைமாடித் தாங்கியிலிருந்து வரும் தண்ணீர் பிற்பகலில் கைபொறுக்காத சூடாகவும் இருக்கும். ஆகவே கழுவும் வேலையை விடியற்காலையில் வையுங்கள். கழுவும் தண்ணீரை முதல்நாள் இரவே வாளிகளில் பிடித்து ஏசி அறையில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மின்வெட்டு வரும் நாளில் தண்ணீரை இன்னும் முன்னதாகவே பிடித்துக்கொள்ளுங்கள்.

பனிக்கட்டியை ஒருபோதும் டெவலப்பருக்குள் போடாதீர்கள், செறிவு மாறிவிடும். போத்தல்களை ஒரு பேசினில் நிறுத்தி, பேசின் தண்ணீருக்குள் போடுங்கள். கணக்கு எளிது: 29 பாகையில் உள்ள ஒவ்வொரு லீற்றரையும் 20க்கு இறக்க ஏறத்தாழ 90 கிராம் பனிக்கட்டி வேண்டும். பேசினில் 4 லீற்றர், போத்தல்களில் 3 லீற்றர் என்றால் 630 கிராம். அறைச் சூட்டுக்காக இன்னொரு கால் கிலோ கையில் இருக்கட்டும். 20 பாகை பிடிவாதமாக வேண்டியதில்லை. 24இல் நிறுத்துவது இங்கே கூடுதல் புத்திசாலித்தனம், ஏனென்றால் 20இல் தொடங்கினால் வேலை முடியுமுன் 23 ஆகிவிடும். ஒவ்வொரு பாகை கூடும்போதும் டெவலப் நேரத்தில் ஏறத்தாழ 10 வீதம் குறையுங்கள். டி-76 டெவலப்பரில் 20 பாகைக்கு 8 நிமிடம் என்றால் 24இல் ஐந்தரை நிமிடத்தை ஒட்டி வரும். 28இல் 4 நிமிடத்துக்கும் கீழே போய்விடும். அவ்வளவு குறுகிய நேரத்தில் சீராக டெவலப் ஆக்க முடியாது. அந்த நிலையில் டெவலப்பரை ஐதாக்கி நேரத்தை நீட்டுங்கள்.

எல்லாக் குளியலும், கடைசிக் கழுவல் உட்பட, ஒன்றுக்கொன்று 2 பாகைக்குள் இருக்க வேண்டும். டெவலப்பரை மட்டும் குளிர்வித்துவிட்டுக் குழாய்த் தண்ணீரில் கழுவுவதுதான் நுண்வலைக்கு நேர்வழி. நுண்வலையே வேண்டும் என்கிறவர்களுக்கு வழி இப்போது தெரியும். ஆனால் துண்டுப் பிலிமில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

குளிர்விக்க வழியே இல்லாவிட்டால் வீக்கத்தைத் தடுக்க வேண்டும். லீற்றருக்கு 45 கிராம் நீரற்ற சோடியம் சல்பேற்று டெவலப்பரில் சேர்த்தால் ஜெலற்றின் தண்ணீர் குடிப்பது குறையும். வெப்ப நாடுகளுக்கென்று கொடாக் வெளியிட்ட டிகே-15 டெவலப்பரில் இருப்பதும் இதே அளவுதான். நிறுத்தலுக்கு வினாகிரிக் கரைசலுக்குப் பதில் லீற்றருக்குக் குரோம் படிகாரம் 30 கிராம், நீரற்ற சோடியம் சல்பேற்று 60 கிராம் கலந்த குளியலில் 3 நிமிடம் வைத்தால் எமல்ஷன் இறுகும். இந்தக் கரைசல் ஊதாநீலத்திலிருந்து மஞ்சள் கலந்த பச்சைக்கு மாறினால் சக்தி போய்விட்டது, ஊற்றிவிடுங்கள்.

ரிவர்சல் சரியாக வரவில்லை

வரிசை இது: முதல் டெவலப்பர், கழுவல், பிளீச், தெளிவுக் குளியல், மறு ஒளியூட்டல், இரண்டாம் டெவலப்பர், பிக்ஸர். கோளாறு எந்தப் படியில் என்று கண்டுபிடிக்க மறுபடியும் விளிம்புக்குப் போங்கள். ரிவர்சலில் ஒளி படாத விளிம்பு அடர் கறுப்பாக இருக்க வேண்டும்.

விளிம்பு அடர்ந்திருந்து படம் மட்டும் இருண்டிருந்தால் கமராவில் ஒளி போதவில்லை, அல்லது முதல் டெவலப்பர் நேரம் போதவில்லை. விளிம்பும் சாம்பலாக மெலிந்திருந்தால் முதல் டெவலப்பர் அதிகச் சூடு, அதிக நேரம், அல்லது பிலிம் எங்கோ புகைந்திருக்கிறது. விளிம்பு நல்ல கறுப்பு, ஆனால் வெள்ளை வெள்ளையாக இல்லாமல் மங்கல் என்றால் முதல் டெவலப்பரில் வெள்ளி உப்பைக் கரைக்கும் பொருள் இல்லை. டி-19ஐ முதல் டெவலப்பராக எடுக்கிறவர்கள் லீற்றருக்கு 2 கிராம் சோடியம் தயோசயனேற்றுச் சேர்ப்பது அதற்காகத்தான். டி-19ஐ வீட்டிலேயே கலக்கலாம்: லீற்றருக்கு மெற்றோல் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்பைற்று 90, ஐதரோகுயினோன் 8, ஒருநீரேற்றுச் சோடியம் காபனேற்று 52.5, பொற்றாசியம் புரோமைட்டு 5. சொன்ன வரிசையிலேயே கரையுங்கள், ஆனால் மெற்றோலுக்கு முன் ஒரு சிட்டிகை சல்பைற்று.

பிளீச் இரண்டு போத்தலாக இருக்க வேண்டும். முதலாவதில் லீற்றருக்குப் பொற்றாசியம் பரமங்கனேற்று, அதாவது பாமசியில் கேட்கும் கொண்டிஸ், 4 கிராம். இரண்டாவதில் லீற்றருக்குச் செறிந்த சல்பூரிக்கமிலம் 20 மி.லீ. பற்றரி அமிலம்தான் கிடைக்கிறது என்றால் அது ஏற்கெனவே ஐதாக்கியது. ஏறத்தாழ 75 மி.லீ. வேண்டும். அமிலத்தைத் தண்ணீருக்குள் ஊற்றுங்கள், ஒருபோதும் மறுதலையாக அல்ல. கண்ணாடியும் கையுறையும் போட்டு, யன்னலைத் திறந்து வைத்து. பாவிக்கும் நேரத்தில் சம அளவில் கலந்து 3 முதல் 5 நிமிடம். கலந்தது நீடிக்காது. ஊதா நிறம் பழுப்பாகிவிட்டால் பிளீச் செத்துவிட்டது, அதில் விட்ட பிலிமில் வெளிச்சப் பகுதிகளில் கறுப்பு மிச்சம் நிற்கும்.

பிளீச்சுக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது. அதிலுள்ள குளோரைட்டு வெள்ளியோடு சேர்ந்து வெண்பால்போன்ற திட்டாகப் படியும், அது இரண்டாம் டெவலப்பரில் கறுத்துப் புகையாக முடியும். எரிபொருள் நிலையங்களில் விற்கும் பற்றரித் தண்ணீர் வடித்த நீர்தான், அதையே எடுங்கள்.

பிளீச்சுக்குப் பின் பிலிம் பழுப்பாக இருப்பது வழமை. லீற்றருக்கு 25 கிராம் சோடியம் மெற்றாபைசல்பைற்றுக் கரைசலில் 2 நிமிடத்தில் அது போக வேண்டும். போகாமல் காய்ந்த பழுப்பு என்றால் தெளிவுக் குளியலைக் குறுக்கியிருக்கிறீர்கள். திரும்ப முக்கினால் பெரும்பாலும் போய்விடும். இந்தக் கட்டத்தில் எமல்ஷன் மிக மென்மையாக இருக்கும். விரலால் தொட்டால் ரேகை பதியும், குழாயைத் திறந்து நேராகப் பாய்ச்சினால் உரியும்.

இங்கே விளக்கைப் போடலாம். பிலிமை ஸ்பைரலோடு (பிலிம் சுற்றியிருக்கும் சுருள் சட்டம்) தூக்கி இரண்டு பக்கமும் தலா 2 நிமிடம் வெளிச்சம் காட்டுங்கள். சுற்றுகளின் நிழல் விழுந்த இடத்தில் வெளிறிய பட்டைகள் வந்தால் வெளிச்சம் உள்ளே போகவில்லை. தண்ணீருக்குள் வைத்துச் சுழற்றிக் காட்டினால் சீராகும்.

திட்டுத் திட்டாக, கீற்றுக் கீற்றாக

வாளியில் பிலிமை இடியப்பமாகக் குவித்துக் கழுவும்போது இரண்டு சுற்று ஒட்டிக்கொண்ட இடத்தில் டெவலப்பர் போகாது. நெகட்டிவில் அது கூர்விளிம்புள்ள வெளிறல், ரிவர்சலில் கருந்திட்டு. 100 அடிக்கு 4 லீற்றருக்குக் குறையாமல் வையுங்கள். முதலில் ஒரு நிமிடம் வெறுந்தண்ணீரில் ஊறவிட்டால் ஒட்டுவது குறையும். டெவலப்பருக்குள் இறக்கியதும் முதல் 30 செக்கன் நிறுத்தாமல் அளையுங்கள். ஆனால் பிடித்து இழுக்காதீர்கள், நகம் பட்ட இடம் பிறை வடிவில் கறுக்கும்.

துளைகளிலிருந்து படத்துக்குள் நீளும் கீற்று வேறு சங்கதி. அது ஸ்பைரல் தொட்டியில் எப்போதும் ஒரே திசையில் ஒரே வேகத்தில் அசைத்ததால் வருவது. திசையை மாற்றி மாற்றி, இடையில் நிறுத்தி நிறுத்திச் சுழற்றுங்கள்.

காய்ந்தபின் பால்மூட்டம் தெரிந்தால் பிக்ஸர் போதவில்லை. துண்டுப் பிலிம் எத்தனை செக்கனில் தெளிகிறது என்று பார்த்து, அதன் இருமடங்கு நேரம் பிக்ஸரில் வையுங்கள். தெளியும் நேரம் புதுப் பிக்ஸரைவிட இருமடங்கானால் மாற்றுங்கள். மீன்தொட்டிக் கடைகளில் குளோரீன் போக்க விற்கும் ஹைப்போப் பளிங்கு சோடியம் தயோசல்பேற்றுத்தான். லீற்றருக்கு 240 கிராம் போட்டால் வேலை செய்யும்.

வண்ண நெகட்டிவைக் கறுப்பு வெள்ளையாகக் கழுவும்போது கைகளில் கரி ஒட்டினால் அது பின்புறக் கறுப்புப் படை. போறாக்ஸ் 20 கிராம், சோடியம் சல்பேற்று 100, சோடியம் ஐதரொட்சைட்டு 1 கிராம், ஒரு லீற்றர் தண்ணீர். இதில் ஊறவிட்டு, கழுவி, அடிப்பக்கத்தை மட்டும் ஈரப் பஞ்சால் துடையுங்கள். எமல்ஷன் பக்கம் ஒட்டிய கரியைப் பிறகு எடுக்க முடியாது.

புகைச்சல்

முழுச் சுருளிலும் மெல்லிய புகை என்றால் இருட்டறையில் பத்து நிமிடம் சும்மா இருந்து பாருங்கள். கதவின் அடியிடுக்கு, ஏசியின் பச்சைப் பொட்டு, ரவுட்டர், கைமணிக்கூடு, திடீரென்று ஒளிரும் போன் எல்லாம் அப்போது தெரியும். நேரம் பார்க்கப் போனைப் பயன்படுத்தாதீர்கள். சமையலறை மணி போதும். ட்ரை-எக்ஸ், டபிள்-எக்ஸ் எல்லாம் எல்லா நிறத்துக்கும் உணர்வுள்ளவை, சிவப்பு விளக்கும் ஆகாது. 3302 பிரிண்ட் பிலிம் மட்டும் நீல ஒளிக்கே உணர்வுள்ளது. அதைச் சிவப்பு விளக்கில் தாராளமாகக் கையாளலாம். நிழலுருப் பதிப்புக்கு, பொருட்களை நேரே பிலிமில் பரப்பி ஒளியூட்டுவதற்கு, இதைவிட வசதியானது இல்லை.

ரிஃப்ளெக்ஸ் போலெக்ஸில் (லென்ஸ் வழியாகவே பார்த்துப் படமெடுக்கும் 16 மி.மீ. கமரா) சட்டகத்துக்குக் குறுக்கே வரும் வெளிச்சப் பட்டைக்கு முதலில் லென்ஸுக்குப் பின்னாலுள்ள ஃபில்ற்றர் தகட்டைப் பாருங்கள். ஃபில்ற்றர் இல்லாவிட்டாலும் வெறுந்தகடு அந்தத் துவாரத்தில் இருந்தே ஆக வேண்டும். தொலைந்திருந்தால் கறுப்புத் துணி நாடா. கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுத்தபடி படமெடுக்கும்போது அதன் மூடியையும் அடையுங்கள்.

கழுவும் நடுவில் மூடி திறந்து படம் பாதி தலைகீழானால், அதாவது விளிம்புகளில் ஒளிர்கோடும் இருள் பகுதிகளில் வெளிறலும் வந்தால், அது சூரியமாக்கல். 1944இல் காலமான நிழற்படக் கலைஞர் லயனல் வென்ட் இதே கொழும்பில் நிழற்படத்தில் தெரிந்தே செய்துபார்த்தது இதைத்தான். திரும்ப வரவழைக்க: டெவலப் நேரத்தின் பாதியில் 15 வாட் குமிழை 2 மீற்றர் தூரத்திலிருந்து ஒரு செக்கன் எரியவிட்டு, 30 செக்கன் அசைக்காமல் வைத்து, பிறகு மீதி நேரத்தை முடியுங்கள். அங்கிருந்து நேரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

படம் துள்ளுகிறது, இழுபடுகிறது, மினுங்குகிறது

வெளிச்சமான புள்ளிகள் மேலும் கீழும் வால்போல இழுபட்டு, படமும் துள்ளினால் கமராவில் லூப், அதாவது கேற்றுக்கு மேலும் கீழும் பிலிம் தளர்வாக நிற்க வேண்டிய வளைவு, போய்விட்டது. படம் அசையாமல் நின்று வால் மட்டும் தெரிந்தால் ஷட்டரும் இழுக்கும் நகமும் ஒத்துப்போகவில்லை. அது பழுதுபார்ப்பவரின் வேலை. 50 மி.மீ.க்குக் குறைந்த லென்ஸில் மட்டும், அதுவும் அகலத் திறந்தபோது மட்டும், கூர்மை போதாவிட்டால் ரிஃப்ளெக்ஸ் போலெக்ஸில் அந்தக் கமராவுக்கென்று செய்த, ஆர்எக்ஸ் குறியுள்ள லென்ஸ் அல்லாத ஒன்றைப் போட்டிருக்கிறீர்கள். அதே கமராவில் எல்லாம் ஒளிகுறைந்து வந்தால் வியூஃபைண்டருக்கு ஒளியைப் பிரித்துவிடும் கண்ணாடிப் பட்டகம் எடுக்கும் ஒளியைக் கணக்கில் சேர்க்கவில்லை. 24 சட்டக வேகத்தில் மீற்றரை 1/65இல் அல்ல, 1/80இல் வையுங்கள்.

டியூப் வெளிச்சத்தில் எடுத்தது செக்கனுக்கு நாலு தடவை மூச்சுவிடுவதுபோல மங்கித் தெளிந்தால் காரணம் நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரம். விளக்கு செக்கனுக்கு 100 முறை துடிக்கிறது, 24 சட்டகத்துக்கு அது சமமாகப் பிரியாது. 25இல் ஓட்டினால் சட்டகத்துக்குச் சரியாக 4 துடிப்பு விழும். ஸ்பிரிங் கமராவின் வேகத்தை அவ்வளவு நம்ப முடியாது. ஹலஜன் விளக்கு அல்லது யன்னல் வெளிச்சம் நிச்சயமானது.

சுவரில் ஓடும் படத்தை டிஜிற்றல் கமராவில் பிடிக்கும்போது மினுங்கினாலும் இதே கணக்கு. மூன்று இதழ் ஷட்டருள்ள, வேகம் மாற்றக்கூடிய புரொஜெக்டரை 16⅔ சட்டகத்தில் ஓட்டினால் செக்கனுக்கு 50 மினுக்கு. கமராவை 25 சட்டகம், 1/50 ஷட்டரில் வையுங்கள். திருகை மெதுவாகத் திருப்பத் திருப்ப, திரையில் துடிப்பு நிற்கும் இடம் கண்ணுக்கே தெரியும்.

காய்ந்தபின் பொட்டுகள்

வட்ட விளிம்புள்ள பொட்டு தண்ணீர் உப்பு. கடைசி முக்கலைப் பற்றரித் தண்ணீரில், லீற்றருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று துளி விட்டு, நுரைக்காமல் செய்யுங்கள். கடலோரப் பக்கம் யன்னலைத் திறந்துவைத்துக் காயப்போட்டால் உப்புக் காற்றும் வீதித் தூசியும் ஈர ஜெலற்றினில் ஒட்டும். மழைக்காலத்தில் கொடியில் தொங்கும் பிலிம் வெளியே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருக்கும். அதை இறுக்கிச் சுற்றினால் சுற்றுகள் ஒட்டி, பிரிக்கும்போது படத்தோடு வரும். கதவடைத்த ஏசி அறையில், விசிறி நேரே படாமல், எமல்ஷன் எதிலும் முட்டாமல் இரவு முழுதும் விடுங்கள்.

கிளைவிட்ட நூல்போன்ற வளர்ச்சி பூஞ்சணம். அதைத் தண்ணீரால் துடைக்க வேண்டாம், பூஞ்சணம் தின்ற ஜெலற்றின் தண்ணீரில் கரையும்.

வரைந்ததும் சுரண்டியதும் உதிர்கிறது

தண்ணீர்ச் சாயமும் உணவு நிறமும் எமல்ஷன் பக்கத்துக்கு. ஜெலற்றின் அவற்றை உறிஞ்சும். அடிப்பக்கத்தில் அவை துளியாகத் திரண்டு நிற்கும், அங்கே ஸ்பிரிட் கலந்த மார்க்கர்தான் பிடிக்கும். எது எமல்ஷன் என்று தெரியாவிட்டால் உதட்டில் வைத்துப் பாருங்கள், ஒட்டும் பக்கம் அது. அக்ரிலிக் தடித்துப் பூசினால் வளையும்போது வெடித்து, கேற்றில் சேர்ந்து, அடுத்த சுருளையும் கீறும். ஓட்டிய ஒவ்வொரு முறைக்கும் பிறகு கேற்றை மரக்குச்சியால் துப்புரவாக்குங்கள், உலோகம் வேண்டாம்.

வெளுப்புத் திரவத்தால் எமல்ஷனைக் கரைக்கிறவர்கள் அதே பேசினில் அமில நிறுத்தலையோ பிளீச்சையோ பாவிக்கக் கூடாது. குளோரீன் வாயு வரும். குளியலறை போன்ற அடைத்த இடத்தில் அது விளையாட்டில்லை. மண்ணில் புதைத்த பிலிமை இந்த ஈரத்தில் இரண்டாம் நாளே தோண்டிப் பாருங்கள், பொறுத்தால் வெறும் அடித்தாள்தான் மிஞ்சும். முழுதாகக் காயாத பிலிமை புரொஜெக்டரில் போடாதீர்கள்.

பிலிம் சிமென்ட்டால் (பிலிமைக் கரைத்து ஒட்டும் பசை) போட்ட ஒட்டு பிடிக்காமல் கழன்றால் பிலிமின் அடித்தாள் பொலியெஸ்டர். சுருளைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள்: ஒளி ஊடுருவித் தெரிந்தால் பொலியெஸ்டர், இருண்டிருந்தால் அசற்றேற்று. பொலியெஸ்டரை வீட்டில் நாடாவால்தான் ஒட்டலாம். சிக்கினால் அது கிழியாது, புரொஜெக்டரின் நகம்தான் உடையும். ஆகவே முனையோடு முனை ஒட்டிச் சுற்றவிடும் நீண்ட லூப்களுக்கு அசற்றேற்றையே எடுங்கள். கந்தோர் செலோரேப் வெக்கையில் பசையைக் கக்கும், ஒருநாளுக்கும் வேண்டாம்.

வினாகிரி வாசம்

டின்னைத் திறந்ததும் புளித்த மணம் வந்தால் அசற்றேற்று சிதையத் தொடங்கிவிட்டது. நிறுத்த முடியாது, வேகத்தைக் குறைக்கலாம். அந்தச் சுருளை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். அதன் ஆவி அடுத்ததையும் தொடும். மற்றவற்றை சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாப் பையில் பிரிஜில் வையுங்கள். எடுக்கும்போது பையைத் திறக்காமல் குறைந்தது 2 மணிநேரம் வெளியே விடுங்கள். இங்குள்ள காற்றில் குளிர்ந்த பிலிம் நொடியில் வியர்த்துவிடும்.

வாசம் வந்த சுருளை ஓட்டலாமா என்று பார்க்க, புதுப் பிலிமைப் பக்கத்தில் வைத்து 100 துளை எண்ணுங்கள். பழையது ஒரு முழுத் துளை அளவு பின்தங்கினால் 1 வீதம் சுருங்கியிருக்கிறது. புரொஜெக்டரின் பல் அதைக் கிழிக்கும். அப்படியானதை லைட் பொக்ஸில் சட்டகம் சட்டகமாகப் படம்பிடித்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. சுருக்கம் கூடக் கூட பிலிம் தட்டையாகக் கிடக்காது, ஆகவே அதை இந்த வாரமே செய்யுங்கள்.